லோடு ஆட்டோ ஸ்பிரிங்

ஜனவரி 4, சனி

ஆயில் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர இதுவரை எதையும் எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதப்போகிறேன். மாப்பிள்ளையிடம் கத்த முடியாது. எங்காவது கத்தியாக வேண்டும்.

கார் ஷெட்டின் கூரை ஷீட் ஒழுகுகிறது, ஆள் வைத்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லி என் மாப்பிள்ளை பூபதி திருப்பூரிலிருந்து வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் சுகந்திக்கு ஹைதராபாத்தில் மூன்று மாதப் பயிற்சியாம். அது முடியும்வரை இங்கேயே இருக்கிறாராம். ஷீட் மாறவில்லை. அதற்குப் பதிலாக முந்தாநாள் ஒரு டெம்போவில் நான்கு சக்கரம் வைத்த பைக் ஒன்று வந்து இறங்கியது. ஏடிவி என்கிறார். ஏற்காட்டுப் பக்கம் மூடிப்போன ஏதோ விளையாட்டுப் பூங்காவில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய வண்டி. சீட்டை எலி கடித்திருக்கிறது. மார்ச் ஒன்பதாம் தேதி மேட்டூர் பக்கம் ஒரு கிளப் நடத்தும் பந்தயத்தில் இதை ஓட்டப்போகிறாராம். வயது முப்பத்தொன்பது.

நான் சங்ககிரியில் லாரி ஸ்பிரிங் பட்டறை நடத்தியவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு இருபத்திரண்டு வருஷம் தனியாக நடத்தினேன். முழங்கால் போனதும் என்னிடமே வேலை பார்த்த அந்தோணிக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் கார் ஷெட். மாப்பிள்ளை செய்வது முழுக்கச் சமையலறை ஜன்னலில் தெரிகிறது. தெரியாமல் இருந்தால் நிம்மதியாகக் குழம்பு வைப்பேன்.

ஜனவரி 5, ஞாயிறு

ஷீட்காரர் வரவில்லை. மாப்பிள்ளை அவரைக் கூப்பிடவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 9, வியாழன்

காலையில் கிரைண்டர் சத்தம். எட்டிப் பார்த்தால், சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் முக்கோண இரும்புக் கை இரண்டாக அறுபட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் போனில் வெள்ளைக்காரன் ஒருவன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறான். கையை நீட்டினால் சக்கரங்கள் அகன்று நிற்கும், திருப்பத்தில் வண்டி சாயாது என்று மாப்பிள்ளை விளக்கினார். அது சரி. இரண்டு அங்குலம் நீட்ட எதை வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். தண்ணீர்க் குழாய். நான் போன மாதம் மோட்டாருக்கு வாங்கியதில் மிச்சம்.

இதைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டறை நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். பட்டறை ஆளாக இருந்தால் குழாயைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். "மாப்பிள்ளை, இது தண்ணி போறதுக்குங்க. ஆளு போறதுக்கு இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். "சரிங்க அத்தை" என்றார். நான் எதைச் சொன்னாலும் உடனே சரிங்க அத்தை.

அந்தோணியைக் கூப்பிட்டு, சோதித்துக் காட்ட, அந்தக் குழாயில் ஒரு துண்டைப் பழைய இரும்பு ஒன்றோடு வெல்டிங் வைக்கச் சொன்னேன். வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சம்மட்டியால் நான்கு அடி போட்டதும் மடங்கிவிட்டது. மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அழகாக மடங்கியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டார். சேலத்திலிருந்து ஒட்டு இல்லாத கனமான பைப் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வண்டியை எடைக்குப் போடச் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். இங்கே மாடு இல்லை என்பதால் மாப்பிள்ளை ஏடிவியைக் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமந்தி மாலை போட்டுவிட்டார். தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மா, சுகந்தி பொங்கலுக்கும் வரலையா என்று கேட்டாள். பயிற்சி என்றார் மாப்பிள்ளை. நானும் பயிற்சி என்றேன்.

மத்தியானம் கிணற்றடியில் நின்று சுகந்தியிடம் போனில் பேசினேன். பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வண்டியின் இரும்புக் கைகள் நான்கும் தயார். அந்தோணி வெல்டிங் நன்றாகப் போட்டிருக்கிறான். நான்கையும் வைஸில் வைத்து அடித்துப் பார்த்தேன். அடிக்க அடிக்க மாப்பிள்ளை வலது கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றைக்கு ஸ்பிரிங் தகராறு. தகராறு என்பதுகூடத் தப்பு, எதிர்த்துப் பேசினால்தானே தகராறு.

முன்பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங் கம்பி என் சுண்டுவிரல் பருமன்தான். கையால் வண்டியை அமுக்கினால் இறங்குகிறது. இதில் உட்கார்ந்து கரடு முரடில் பறந்தால் என்ன ஆகும்? தரையில் இடிக்கும். நாற்பது வருஷமாக நான் பார்த்த லாரி எதுவும் ஸ்பிரிங் கனமாக இருந்ததால் கெட்டதில்லை. மெலிந்துதான் கெட்டிருக்கிறது. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். சக்கரம் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க வேண்டும், அதற்கு மென்மையாக இருந்தால்தான் நல்லது என்று வீடியோவில் சொன்னதாக ஆரம்பித்தார். "வீடியோக்காரன் எத்தன லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாத்துனானாம்?" என்று கேட்டேன். நிறுத்திவிட்டார். சரிங்க அத்தை.

அந்தோணியிடம் லோடு ஆட்டோவிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் ஜோடி கிடந்தது. அதைப் பொருத்தியாயிற்று. இப்போது மூன்று பேர் ஏறிக் குதித்தாலும் வண்டி அசையவில்லை. பார்க்கவே திருப்தி.

ஜனவரி 23, வியாழன்

ஏரியில் ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் வற்றிய பக்கம், மண் அள்ளிய குழிகளுக்கு நடுவே. நானும் அந்தோணியும் கரையில் நின்றோம். மூன்றாவது மேட்டில் வண்டி முன்பக்கம் எகிறி, கழுதை உதைப்பதுபோல் அவரைத் தூக்கி எறிந்தது. தலைக்கவசம் போட்டிருந்தார். வலது மணிக்கட்டில் விரிசல். மூன்று வாரம் கட்டு.

ஆக்சிலேட்டரை நேரத்துக்கு விடவில்லை. அதுதான் காரணம்.

ஜனவரி 24, வெள்ளி

ஸ்பிரிங்கில் தப்பில்லை.

ஜனவரி 30, வியாழன்

வலது கையில் கட்டு. இடது கையால் ஸ்பூனைப் பிடித்து ரசச் சோற்றைத் தட்டில் துரத்திக்கொண்டிருக்கிறார். பார்க்க முடியாமல் இட்லி, தோசை, சப்பாத்தி என்று பிய்த்துப் போடும்படி செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நாளும் இது வேண்டாம் அது வேண்டும் என்று சொன்னதில்லை. உப்பில்லாத சட்னியைக்கூட முழுதாகத் தின்றுவிட்டார். நான் வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இன்று சாப்பிட்டு முடித்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, சுகந்திக்குப் பயிற்சி எதுவும் இல்லை என்றார். பெங்களூரில்தான் இருக்கிறாள், ஒன்றரை வருஷமாகத் தனியாகத்தான் இருக்கிறாள், பிரிந்துவிடலாம் என்று போன தீபாவளிக்குச் சொல்லிவிட்டாள், இவரும் சரி என்றுவிட்டார். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி வேலையையும் விட்டாயிற்று. அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனால் காரணம் கேட்பார்கள். "இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்கலீங்க அத்தை" என்றார்.

ஆச்சரியப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். டிசம்பர் இருபதாம் தேதியே சுகந்தி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் இவர் பையோடு வாசலில் நின்று ஷீட் ஒழுகுகிறது என்றார். தெரிந்ததாகக் காட்டினால் கிளம்பிவிடுவாரே என்று பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டுக் கூரையின் கீழ் இருக்கும்வரை எதுவும் முடிந்துபோகாது என்று ஒரு எண்ணம். அதில் தப்பென்ன?

காபி வேண்டுமா என்று கேட்டேன். சரிங்க அத்தை என்றார். அவர் காபி குடிப்பதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மாப்பிள்ளை கட்டைக் காட்ட ஆஸ்பத்திரி போயிருந்தார். ஷெட்டில் யாரும் இல்லை. ஒரு ரப்பர் பேண்டை ஷாக் அப்சார்பரின் கம்பியில் மாட்டி, அந்தோணியை வண்டியில் உட்காரவைத்து, நான்கு அங்குலக் கட்டையிலிருந்து கீழே இறக்கச் சொன்னேன். ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் ரப்பர் தள்ளப்பட்டு நிற்கும். அரை அங்குலம்தான் நகர்ந்திருந்தது. ஐந்து அங்குலம் நகர வேண்டிய கம்பி.

லாரியில் பத்து டன் ஏறும். இதில் ஏறுவது எழுபது கிலோ ஆள். பத்து டன்னுக்குப் பழகிய கண்ணால் எழுபது கிலோவைப் பார்த்திருக்கிறேன். இறங்காத ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஷாக்குக்குள் இருக்கும் ஆயிலால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

லோடு ஆட்டோ ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே போட்டு, ஷாக்கில் மட்டும் கொஞ்சம் கெட்டியான ஆயில் மாற்றச் சொன்னேன். மாப்பிள்ளை வந்ததும், துருப்பிடித்திருந்தது, மாற்றிவிட்டோம் என்றேன். அந்தோணி என்னைப் பார்த்தான். அவன் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு மெலிந்து வெளுத்திருக்கிறது.

முன்சக்கரம் மேலே ஏறும்போது தானாகவே உள்பக்கம் திரும்புகிறது. கைகளை நீட்டியபோது ஸ்டியரிங் கம்பியை அதற்குச் சரியாக நீட்டவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். கழற்றியாயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

ஸ்டியரிங் கம்பி சரி. பின்பக்க ஷாக்கை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் புஷ் எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றச் சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

வண்டியின் இடது மேல்கையில் போல்ட் துளை ஒரு நூல் அளவு அகலமாக இருப்பதுபோல் தெரிந்தது. கழற்றினோம். அந்தோணி அளந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது முந்தாநாளே சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றான். எனக்கு வந்த கோபத்தில், போன மாதம் ஒரு லாரிக்கு அவன் ஸ்பிரிங் பட்டைகளை வரிசை மாற்றி அடுக்கிய தவறை எடுத்துப் பேசிவிட்டேன். தேவையில்லாத பேச்சு. அவன் மத்தியானம் டீ குடிக்க வரவில்லை.

பந்தயத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நன்றாகப் பார்த்துத்தானே அனுப்ப முடியும்.

பிப்ரவரி 22, சனி

சுகந்தி வந்தாள். பத்து மணி பஸ்ஸில் இறங்கி நேராக ஷெட்டுக்குள்தான் போனாள். கழற்றிக் கிடந்த சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளை எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று, நல்லா இருக்கியா என்று கேட்டார். இருக்கேன், கை எப்படி இருக்கு என்றாள். இருவரும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்போல் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். சண்டை போட்டால்கூட நடுவில் புகுந்து ஏதாவது சொல்லலாம். இதில் எங்கே புகுவது?

அவர் டீ போடச் சமையலறைக்குப் போனார். நானும் அவளும் வாசலில் நின்றோம். எல்லாத் தாயும் கேட்பதையே நானும் கேட்டேன். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, வேறு ஏதாவது இருக்கிறதா.

"ஒண்ணுமில்லம்மா. நல்லவருதான்" என்றாள். "எந்த வீடு வாங்கலாம்னு கேட்டா உன் இஷ்டம். வேலைய விடட்டுமான்னு கேட்டா உன் இஷ்டம். பெங்களூர் போறேன்னேன், சரின்னாரு. பிரிஞ்சுக்கலாம்னேன், அதுக்கும் சரின்னாரு. ஒம்பது வருஷம் நான் ஒருத்தியே முடிவெடுத்து, தப்பானா நானே பழியும் சொமந்தேன். எனக்கு முடியலம்மா."

அனுசரித்துப் போகிற மனுஷன் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாசமா இந்த வண்டி முடியல. உன் பட்டறையில ரெண்டு நாளைக்கு மேல எந்த லாரி நின்னுருக்கு? முடிஞ்சா அவரு போயிருவாருன்னு நீ முடிக்க விடமாட்டேங்கற."

நான் உள்ளே போனேன். மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வக்கீல் கொடுத்த காகிதங்களைப் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவள் காட்டக் காட்ட அவர் போட்டார். ஏப்ரலில் கோர்ட். ஏழு மணி பஸ்ஸில் அவள் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டவரும் மாப்பிள்ளைதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் நானே உட்கார்ந்து கழற்றிய எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பூட்டினேன். முழங்கால் வலி உயிர் போகிறது. இனிக் கழற்ற ஒன்றுமில்லை. அந்தோணிக்கு டீயும் வடையும் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 26, புதன்

ஷீட்காரரை நானே கூப்பிட்டேன். அரை நாள் வேலை. முடிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

மறுபடியும் ஏரி. அதே குழிகள். இந்த முறை வண்டி மேட்டில் ஏறி இறங்கியபோது சக்கரம் மட்டும் குதித்தது, ஆள் அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டுச் சுற்று. ரப்பர் பேண்டைப் பார்த்தேன். நாலரை அங்குலம். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சின்னப் பையன்போல் சிரித்தார். முகமெல்லாம் புழுதி.

அந்தோணி தண்ணீர் வாங்கப் போயிருந்தான். எனக்கு மனசில் அரித்துக்கொண்டே இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அன்னைக்கு நான் போட்ட ஸ்பிரிங்தான் தப்புங்க மாப்பிள்ளை. உங்க மேல தப்பில்ல. துருப்புடிச்சிருந்துதுன்னு சொன்னது பொய்" என்றேன்.

"தெரியுமுங்க அத்தை."

"எப்பத் தெரியும்?"

"மாட்டறப்பவே தெரியுமுங்க. ஓட்டுனா தூக்கி அடிக்கும்னு தெரியும்."

"அப்பறம் ஏன் ஓட்டுனீங்க?"

"நீங்க சொன்னீங்களே" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த கோபம் இந்த இரண்டு மாதத்தில் வந்ததேயில்லை. நான் வருத்தப்படுவேன் என்று, தெரிந்தே போய்க் கையை முறித்துக்கொண்டிருக்கிறார். மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறார். இரண்டு வாரம் நான் ஸ்பிரிங்கில் தப்பில்லை என்று மனசுக்குள் வாதாடியபோதெல்லாம் அவர் என் எதிரே உட்கார்ந்து ஸ்பூனால் சோறு தின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்து முறிந்திருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும்? என் தலையில். நான் உயிரோடிருக்கிறவரை.

சுகந்தி சொன்னது எனக்கு அந்த இடத்தில், அந்தப் புழுதியில்தான் புரிந்தது. நான் இரண்டு மாதம் பட்டதை அவள் ஒன்பது வருஷம் பட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லோணுமுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான் முறைச்சுக்குவேன், ரெண்டு நாள் பேசமாட்டேன். அதுக்கப்பறம் சரியாயிரும். சரீங்க சரீங்கன்னு சொல்லிச் சொல்லி எங்க எல்லாரையும் தப்புப் பண்ண விடறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கையுறையைப் பார்த்தார். சரிங்க அத்தை என்று சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார்.



மார்ச் 6, வியாழன்

ஈரோட்டில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். பத்தாம் தேதி சேர வேண்டும். விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். புழுதி. தலைவலி. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மேட்டூர் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் கொடி கட்டி, டயர் அடுக்கி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பதினொரு வண்டிகள். ஏழெட்டு வண்டிகள் கடையில் வாங்கிய பளபளக்கும் ஷாக் போட்டவை. மற்றவை நம்முடையதுபோல் வீட்டு வேலை. ஒரு வண்டியில் அறுத்த கட்டில் கால் தெரிந்தது. அதை ஓட்ட வந்தவனுக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது.

பதிவு மேஜையில் ஒரு படிவம். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். மாப்பிள்ளை என் பெயரையும் நம்பரையும் எழுதினார். அடுத்த கட்டம், என்ன உறவு. பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் பேனாவை வாங்கி மெக்கானிக் என்று எழுதினேன். மேஜையில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு என் சேலையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மெக்கானிக்குகளுக்கான பச்சைப் பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

இரண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் எட்டாவதாக வந்தார். ஒரு பெரிய மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி அடியில் முட்டிய சத்தம் எனக்கே கேட்டது. ரப்பர் பேண்டைப் பார்த்தேன். கடைசிவரை போயிருந்தது. அடுத்த ஓட்டத்துக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. ஸ்பிரிங்குக்கு மேல் அரை அங்குல நைலான் வளையம் ஒன்று வைத்தால் அவ்வளவு இறங்காது. பையில் வளையம் தயாராக இருந்தது. அந்தோணியிடம் ஸ்பேனரை எடுக்கச் சொன்னேன்.

"வேண்டாமுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. அந்தோணி ஸ்பேனரோடு நின்றுவிட்டான்.

"முட்டுதுங்களே" என்றேன்.

"ஒரே எடத்துலதான் முட்டுச்சுங்க. அந்த ஒரு மேட்டுக்காக இறுக்குனா மத்த எடத்துல எல்லாம் குதிக்கும். அந்த மேட்டுல நான் மெதுவாப் போயிக்கறேன். இப்படியே இருக்கட்டும்."

"முட்டி முட்டி இரும்புக் கை வளைஞ்சுதுன்னா?"

"வளையாதுங்க. நீங்கதான அடிச்சுப் பாத்தீங்க" என்றார். பிறகு, பயந்ததுபோல் என் முகத்தைப் பார்த்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

நான் முறைத்துக்கொண்டேன். முறைக்காமல் இருக்க முடியவில்லை. நாற்பது வருஷம் ஸ்பிரிங்கோடு இருந்தவளிடம் வேண்டாம் என்கிறார். வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு தார்ப்பாய் நிழலில் போய் உட்கார்ந்தேன். அந்தோணி தண்ணீர் கொடுத்தான், அதையும் வாங்கவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் ஆறாவது. அந்த மேட்டில் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்தார், மற்ற இடத்தில் வேகமெடுத்துப் பிடித்தார். கடைசிச் சுற்றில் மட்டும் ஒரு தடவை முட்டியது. கைகள் நான்கும் நேராகத்தான் இருந்தன. தடவிப் பார்த்தேன். வளையம் வைத்திருந்தால் ஐந்தாவதாகக்கூட வந்திருக்கலாம். தெரியாது.

பரிசு முதல் மூன்று பேருக்குத்தான். அவர் நேராக என்னிடம் வந்து, "கோவமுங்களா அத்தை" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரெண்டு நாள் இருக்கும் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 10, திங்கள்

காலை ஆறரை மணிக்கு மாப்பிள்ளை டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஈரோடு கிளம்பினார். வழியில் சாப்பிட எலுமிச்சைச் சாதம் கட்டினேன். உருளைக்கிழங்கும் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, உருளைக்கிழங்கு தனக்கு ஆகாது என்றார். ஒன்பது வருஷமாக அவருக்கு உருளைக்கிழங்கு செய்துபோட்டிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

மத்தியானம் சுகந்தி கூப்பிட்டாள். பந்தயம் என்ன ஆச்சு என்று கேட்டாள். எட்டாவது, அப்புறம் ஆறாவது என்றேன். அடி எதுவும் இல்லையே என்றாள். இல்லை என்றேன். ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பதையும் சொன்னேன். நல்லது என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

அவர் வேண்டாம் என்று சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாள், அந்த ஒரு நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவள் யோசித்து முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். மருந்துக் கம்பெனி என்பதற்குமேல் இதுவரை கேட்டதில்லை. என்னம்மா திடீர்னு என்றாள். சும்மா சொல்லு கண்ணு என்றேன். மாத்திரை வயிற்றுக்குள் போய் எத்தனை நிமிஷத்தில் கரைய வேண்டுமோ அத்தனை நிமிஷத்தில்தான் கரைகிறதா என்று சோதிக்கும் வேலையாம். சீக்கிரம் கரைந்தாலும் தப்பாம், கரையாமல் நின்றாலும் தப்பாம். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, அதில் எத்தனையைத் திருப்பி அனுப்புவாள், மேலதிகாரி சரியென்று கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வாள் என்று கேட்டேன். போடமாட்டேன் என்றாள்.

அரை மணி நேரம் பேசினாள். புரிந்ததுவரை கேட்டுக்கொண்டேன்.